ட்ராக்கில் மூன்றாவது லேப்பிலிருந்து சூடேறும் ஸ்விஃப்ட் 1.3: பெரிய ரேடியேட்டர்தான் வழியா?

ஸ்விஃப்ட்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2007 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.3 ஜி13பிபி இன்ஜின். வார நாட்களில் ஆபீஸ், மாதம் ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் நம் வண்டியையே ஓட்டும் ட்ராக் டே. ரோட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டு கிண்டி நெரிசலில் அரை மணி நின்றாலும் இன்ஜின் தண்ணீரின் சூடு 94 டிகிரியைத் தாண்டாது. ட்ராக்கில் மட்டும்தான் இந்த வம்பு.

டேஷ்போர்டு முள்ளை நம்பாமல், மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் போட்டு தனி மீட்டர் வைத்திருக்கிறேன். முதல் லேப் 92, இரண்டாவது 97, மூன்றாவது 103, ஐந்தாவது முடிவில் 111. ஒரு லேப் நாலாவது கியரிலேயே மெதுவாக உருட்டினால் 97-க்கு இறங்கிவிடுகிறது. அன்றைக்கு வெயில் 36 டிகிரி. ரிசர்வாயரில் அளவு இரண்டு விரல் ஏறுகிறது, ஆறியதும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே கொட்டவில்லை.

மற்ற விவரம்: ரேடியேட்டர் இரண்டு வருஷம் முன்னால் மாற்றியது, கம்பெனித் தடிமன்தான். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரி, புதுசு. கூலன்ட் பச்சை ரெடிமிக்ஸ், 50:50 (பாதி கூலன்ட், பாதி தண்ணீர்). காலியாக்கி நிரப்பினால் மொத்தம் நாலரை லிட்டர் பிடிக்கிறது. இன்ஜினில் ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் தவிர எதையும் தொடவில்லை. காற்று தாராளமாகப் போகட்டும் என்று அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டேன். கிரில்லில் கல் படாமல் இருக்க மெல்லிய வலை.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடச் சொல்கிறார். ரேடியேட்டர் கடைக்காரர் இரண்டு மடங்கு தடிமனில் அலுமினியத்தில் செய்து தருகிறேன் என்கிறார். எதில் காசு போடுவது?

நாலாவது பிஸ்டன்:

இப்போதைக்கு இரண்டிலும் போடாதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. நிற்கும்போது சூடேறாமல், ஓடும்போது சூடேறினால் ஃபேன் குற்றவாளி இல்லை. 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்காற்றே ஃபேனைவிட அதிகம் தள்ளும். ஆகவே பெரிய ஃபேன் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு சூடு என்று தோராயமாகப் பார்ப்போம். இந்த இன்ஜின் 87 குதிரைசக்தி, அதாவது 64 கிலோவாட். பெட்ரோலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு கிராங்குக்கும், ஒரு பங்கு சைலன்சர் வழியாகவும், ஒரு பங்கு தண்ணீருக்கும் போகும் என்பது பழைய கணக்கு. பிரேக், வளைவு எல்லாம் கழித்தால் ஒரு லேப்புக்குச் சராசரியாக 40 கிலோவாட் தண்ணீரில் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் ஓட்டும்போது இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அதனால்தான் கிண்டியில் தேறிய வண்டி ட்ராக்கில் திணறுகிறது.

கோளாறு மூன்று இடத்தில் இருக்கலாம். தண்ணீர் சூட்டைச் சுமந்து போகவில்லை, அல்லது காற்று அதை வாங்கிக்கொள்ளவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. முதல் இரண்டையும் பிரித்தறிய இன்னொரு சென்சார் போதும்: அதை கீழ் ஹோஸில் போடுங்கள்.

உங்கள் கலவையில் ஒரு லிட்டர், ஒரு டிகிரி ஏறினால் சுமார் 3.7 கிலோஜூல் சுமக்கும். நிமிஷத்துக்கு 90 லிட்டர் ஓடினால் 40 கிலோவாட் சூட்டுக்கு, மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் 7 டிகிரி வரும். அளந்து பார்த்து 6 முதல் 9 வரை இருந்தால் ஓட்டம் சரி, காற்றுப் பக்கம் போங்கள். 15, 20 என்று வந்தால் தண்ணீர் பாதிதான் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியவை: பம்ப் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) அரித்திருக்கிறதா, பெல்ட் பளபளவென்று தேய்ந்து நழுவுகிறதா, ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்திருக்கிறதா (போர் தண்ணீர் ஊற்றிய வண்டி என்றால் சந்தேகமே வேண்டாம்), கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறதா. கடைசியாகச் சொன்னது பலர் கண்ணில் படாது. ஐடிலில் ஹோஸ் உருண்டையாகத்தான் இருக்கும். இன்ஜின் சூடானபின் ஒருவரை 5,000 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சுருள் கம்பி வைத்த ஹோஸ் போட்டால் அது தீரும்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளப்பதாக இருந்தால் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டாதீர்கள், குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்கவும். எப்படியும் பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வருவதற்குள் எண்கள் மாறிவிடும், அதனால் சென்சாரே நல்லது. மீட்டர் இரண்டையும் போன் கேமராவில் பதிவு செய்துகொண்டால் ஓட்டும்போது கண்ணைத் திருப்ப வேண்டாம்.

தெர்மோஸ்டாட் விஷயம். பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை இன்னொரு தட்டால் அடைக்கும். அந்த வகையில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே பம்புக்குத் திரும்பிவிடும். அந்த வகை இல்லையென்றாலும், தெர்மோஸ்டாட் தரும் சிறு தடையால்தான் சிலிண்டரைச் சுற்றி அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. அது போனால் எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் ஆவிக்குமிழி சீக்கிரம் கிளம்பும். புதுசு என்று சொன்னாலும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சிப் பாருங்கள்: 82-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 வாக்கில் 8 மி.மீ. தூக்கியிருக்க வேண்டும். 76 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கினால் முதல் லேப் ஒன்றுதான் குளிர்ச்சியாக இருக்கும். முழுதாகத் திறந்த பிறகு 76-க்கும் 82-க்கும் வேறுபாடு கிடையாது.

செட்டிபாளையம் பக்கத்திலிருந்து:

அண்ணன் சொன்ன அளவெல்லாம் எடுங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு அந்த அடித்தட்டும் வலையும்தான் உங்க வில்லன்.

காத்து சோம்பேறிங்க. ரேடியேட்டர் துடுப்புக்குள்ள நுழையறது அதுக்கு கஷ்டமான வேலை. பக்கத்துல ஒரு விரல் இடைவெளி இருந்தா அதுல ஓடிடும். முன்னாடி எவ்வளவு காத்து வருதுங்கறதை விட, வந்த காத்துக்கு வேற வழி இருக்கான்னு பாருங்க. பம்பரைக் கழட்டிட்டு, இருட்டுல ஒரு டார்ச்சை கிரில் வாய்க்கு நேரா வெச்சு, இன்ஜின் பக்கமிருந்து பாருங்க. கன்டென்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற ஏசி துடுப்புப் பெட்டி) மேல, கீழ, ரெண்டு பக்கம், ரேடியேட்டருக்கும் கன்டென்சருக்கும் நடுவுல எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ அங்கெல்லாம் காத்தும் கசியும்.

அடைக்கற முறை: முதல்ல பேனர் கடையில கிடைக்கற சன் போர்டு ஷீட்டை வெட்டி, பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் ஓரம் வரைக்கும் நாலு பக்கச் சுவர் மாதிரி டேப் ஒட்டிப் பொருத்துங்க. அது பேட்டர்ன். ஒரு செஷன் ஓட்டி பலன் தெரிஞ்சா அதே அளவுல 1 மி.மீ. அலுமினியம் வெட்டி ரிவெட் அடிச்சுக்கலாம். ஷீட்டும் ரேடியேட்டரும் தொடற இடத்துல 10 மி.மீ. ஃபோம் பட்டை, தண்ணி உறிஞ்சாத ரகம். இறுக்கி முட்ட வெக்காதீங்க. இன்ஜின் ஆடும்போது ரேடியேட்டரும் ரப்பர்ல கொஞ்சம் ஆடும், அலுமினிய ஓரம் துடுப்பை அறுத்துப் போடும்.

வாய் சின்னதா இருக்குதேன்னு கவலைப்படாதீங்க. ரேடியேட்டர் பரப்புல மூணுல ஒரு பங்கு வாய் இருந்தாலே போதும், அங்கிருந்து சுவர் பக்கவாட்டுல மெல்ல விரிஞ்சு போகணும். அந்த வாய்க்கு நேரா நம்பர் பிளேட்டையும் எக்ஸ்ட்ரா ஃபாக் லாம்பையும் மாட்டாம இருந்தா சரி. வலை வேணும்னா கண்ணி 8, 10 மி.மீ. இருக்கற மாதிரி மாத்துங்க. கொசுவலை மாதிரி மெல்லிசா இருக்கறது காத்தை நல்லாவே தடுக்கும்.

இப்ப அடித்தட்டு. உள்ளே வந்த காத்து வெளியே போனாதான் அடுத்த காத்து உள்ளே வரும். வண்டிக்கு அடியில வேகமா ஓடற காத்து இன்ஜின் பெட்டியிலிருந்து சூட்டைக் கீழே இழுக்கணும். தட்டு இல்லேன்னா முன்பக்கக் காத்து பம்பருக்குக் கீழ நேரா இன்ஜின் பெட்டிக்குள்ள ஏறி, ரேடியேட்டருக்குப் பின்னால அழுத்தத்தைக் கூட்டிடும். முன்னும் பின்னும் அழுத்தம் ஒண்ணா இருந்தா நடுவுல எதுவும் நகராது. தட்டைத் திரும்ப மாட்டுங்க. தொலைஞ்சு போச்சுன்னா புதுப்பேட்டையில பழசு தேடலாம்.

அதே மாதிரி போனட்டோட பின் ஓரத்துக்கு வாஷர் போட்டுத் தூக்கற பழக்கம் ஒண்ணு இருக்கு, பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அடியில காத்தழுத்தம் அதிகம், ஓடும்போது அந்த வழியா காத்து உள்ளேதான் வரும். வென்ட் வெட்டறதா இருந்தா ரேடியேட்டருக்குக் கொஞ்சம் பின்னால, போனட்டோட முன்பாதியில வெட்டணும்.

கன்டென்சர் துடுப்பைப் பார்த்தீங்களா? பூச்சி, டயர் துகள் அடைச்சிருக்கும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷரைக் கிட்ட கொண்டு போகாதீங்க, துடுப்பு மடங்கிடும். தோட்டத்துக் குழாய்ல இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமா அடிங்க.

எங்க ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், வளைவு ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு வரும், சராசரி வேகம் குறைவு. உங்க இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், நல்ல நீள ஸ்ட்ரெயிட் இருக்கு. நான் சொன்ன சுவர், அதாவது டக்ட், போட்டா அங்கேதான் பலன் நல்லா தெரியும்.

ஸ்விஃப்ட்காரன்:

கீழ் ஹோஸிலும் சென்சார் போட்டு ஓட்டினேன். ஐந்தாவது லேப் முடிவில் மேல் 111, கீழ் 104. வெயில் 38. தெர்மோஸ்டாட்டைக் காய்ச்சிப் பார்த்ததில் 83-இல் திறக்கத் தொடங்கியது, முழுதும் தூக்குகிறது. கீழ் ஹோஸ் சப்பவில்லை. டார்ச் சோதனையில் ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுழையும் அளவு வெளிச்சம்!

அப்படியென்றால் காற்றுதான். ஆனால் கூலன்ட்டையும் வெறும் தண்ணீராக மாற்றினால் இன்னும் குறையும் என்று படித்தேன். அதை முதலில் செய்யலாமா, செலவு குறைவு?

நாலாவது பிஸ்டன்:

7 டிகிரி. பம்புக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

இப்போது எவ்வளவு குறைபாடு என்று பாருங்கள். ரேடியேட்டரில் சராசரி தண்ணீர்ச் சூடு 107.5, காற்று 38, இடைவெளி 69.5. மேல் ஹோஸ் 98-இல் நிற்க வேண்டுமென்றால் சராசரி 94.5, இடைவெளி 56.5. அதே சூட்டை இந்தச் சின்ன இடைவெளியில் வெளியேற்ற வேண்டும். 69.5-ஐ 56.5-ஆல் வகுத்தால் 1.23. அதாவது உங்களுக்குத் தேவை 23 சதவீதம் கூடுதல் திறன். இரண்டு மடங்கு தடிமன் எதற்கு? பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஓட்டையை வைத்துக்கொண்டு தடிமனான ரேடியேட்டர் போட்டால், தடை கூடி இன்னும் நிறைய காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் போகும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். 38 என்பது நிழலில் அளந்தது. மே மாத மத்தியானத் தாரின் மேல் முழங்கால் உயரத்துக் காற்று அதைவிடச் சூடு. காலை 8 மணி செஷனில் 28 டிகிரி என்றால் இடைவெளியில் 10 டிகிரி உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. சோதனையை எப்போதும் ஒரே நேரத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் வெயில் குறைந்ததை டக்ட்டின் சாதனை என்று எண்ணிக்கொள்வீர்கள்.

தண்ணீரா கூலன்ட்டா என்பதற்குக் கீழே ஒருவர் விரிவாக எழுதுவார் என்று நினைக்கிறேன். வரிசை மட்டும் நான் சொல்கிறேன்: முதலில் காற்று, அப்புறம் கூலன்ட்.

மூடி 1.1:

எழுதிவிடுகிறேன்.

வெறும் தண்ணீர் நிச்சயமாகச் சூட்டை நன்றாகச் சுமக்கும். 50:50 கலவையைவிட லிட்டருக்கு பத்து, பன்னிரண்டு சதவீதம் அதிகம். ஆனால் உங்கள் ரேடியேட்டரில் முட்டுக்கட்டை காற்றுப் பக்கம் இருக்கிறது. தண்ணீர்ப் பக்கத்தை எவ்வளவு மேம்படுத்தினாலும் மொத்தத்தில் ஒரு சில டிகிரிதான் இறங்கும்.

அதைவிட முக்கியம் கொதிநிலை. ரேடியேட்டர் மூடியில் என்ன அழுத்த எண் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 0.9 பார் (அழுத்த அலகு) மூடியில் வெறும் தண்ணீர் 118, 119 டிகிரியில் கொதிக்கும். 50:50 என்றால் 126-ஐ ஒட்டி. மேல் ஹோஸில் 111 என்றால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி அதைவிட அதிகம் இருக்கும். இன்றைய நிலையில் வெறும் தண்ணீர் ஊற்றினால் கொதிநிலைக்கு மிச்சம் 7 டிகிரிதான். காற்றைச் சரிசெய்து 100-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு ஊற்றினால் ஆபத்தில்லை. மூடியையும் சந்தேகியுங்கள்: ஸ்பிரிங் தளர்ந்த பழைய 0.9 மூடி 0.6-லேயே திறந்துவிடும். கைப் பம்ப் சோதனைக் கருவி உள்ள கடையில் இரண்டு நிமிஷ வேலை. 1.1 மூடி போட்டால் தண்ணீருக்கு 3 டிகிரி கூடும். 1.3-க்கு ஆசைப்பட வேண்டாம், 2007 வண்டியின் ஹீட்டர் கோர் (கேபின் ஹீட்டருக்கான குட்டி ரேடியேட்டர்) எந்தச் செஷனில் பீய்ச்சும் என்று சொல்ல முடியாது.

ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே வண்டி என்பதால் என் பரிந்துரை 30:70, அதாவது 30 பங்கு கூலன்ட், 70 பங்கு தண்ணீர். கூலன்ட் அதற்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாது. உங்களுக்குக் கணக்கு சுலபம்: மொத்தம் 4.5 லிட்டர், இப்போது 50 சதவீதம். கீழே 1.8 லிட்டர் வடித்துவிட்டு அதே அளவு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் சரியாக 30. ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்பார்கள். பேட்டரி கடையில் 5 லிட்டர் கேன் கிடைக்கும்போது அந்தக் கஞ்சத்தனம் எதற்கு?

நிரப்பும்போது காற்று அடைபட்டால் செய்த வேலை எல்லாம் வீண். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்குங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், மூடி திறந்த நிலையில் மெதுவாக ஊற்றி மேல் ஹோஸைப் பிசைந்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றபின் அளவைப் பார்த்து மூடுங்கள். உங்கள் சென்சார் அடாப்டர் இருக்கும் இடத்தில் காற்று நின்றால் மீட்டர் நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும். தண்ணீரே இல்லாமல் கொதிக்கும் இன்ஜினில் மீட்டர் அமைதியாக 90 காட்டுவது இதனால்தான்.

ரிசர்வாயர் வழிந்தால் பிடிக்க ஒரு லிட்டர் பாட்டில் கட்டாயம் வையுங்கள். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் (glycol) கலந்த நீர் தாரில் கொட்டினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், வெயிலில் லேசில் காயாது. பின்னால் வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மணி:

எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள், ஆயிலை யாரும் கேட்கவில்லையே தம்பி. தண்ணீர் 111 போகும் வண்டியில் ஆயில் 130-ஐத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் போட்டால் வெப்பம், அழுத்தம் இரண்டுக்கும் சென்சார் வைக்க இடம் கிடைக்கும். திரெட் எம்20, பிட்ச் 1.5. 130 வரை நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-40 தாங்கும். 140 போனால் அதே ஆர்பிஎம்மில் அழுத்தம் இறங்குவதை மீட்டரில் பார்க்கலாம், அதோடு செஷனை முடித்துக்கொள்ள வேண்டும்.

டக்ட் போட்டபின் ஆயிலும் தானாக இறங்கும், அதனால் கூலரை இப்போதே வாங்காதீர்கள். பிறகும் 130-க்கு மேல் நின்றால் 13 வரிசைக் கூலர் இந்த இன்ஜினுக்கு ஏராளம், தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதை ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் மாட்டாதீர்கள். ஆயிலின் சூட்டை மறுபடி தண்ணீருக்கே ஊட்டுவது அது. ஃபாக் லாம்ப் ஓட்டைக்குப் பின்னால், தனி டக்ட் வைத்துப் பொருத்தலாம்.

இன்னொன்று, கேஸ்கெட். 111 வரை பல முறை போய்வந்த ஹெட். ஒரு தடவை லீக்-டவுன் (காற்றுக் கசிவுச் சோதனை) பார்த்துவிடுங்கள்: ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, 7 பார் காற்று விட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீலத் திரவம் மஞ்சளாகும் வாயுச் சோதனையும் உண்டு. ஆனால் லோடில் மட்டும் கசியும் கேஸ்கெட் ஐடிலில் ஏமாற்றிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன், மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சோதனையே வேண்டாம், ஹெட்டைக் கழற்றலாம். கழற்றினால் மட்டப்பலகை வைத்து 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள், நுழைந்தால் பரப்பைச் சீவிய பிறகுதான் புது கேஸ்கெட்.

ஸ்விஃப்ட்காரன்:

சன் போர்டு சுவர், ஃபோம், அடித்தட்டு, வலை மாற்றம் நான்கும் செய்தேன். வேறு எதையும் தொடவில்லை, கூலன்ட் பழையதுதான். அதே மத்தியான நேரம், வெயில் 37. ஐந்தாவது லேப் முடிவில் மேல் 101, கீழ் 94. எட்டாவது லேப்பிலும் 102-தான். காலை ஹோஸ் மென்மையாகவே இருக்கிறது, லீக்-டவுனில் குமிழி இல்லை.

இரண்டு கேள்வி. பிட்டுக்கு வந்ததும் உடனே ஆஃப் செய்யலாமா? 30:70 போட்டுவிட்டு வருஷம் முழுக்க ரோட்டில் ஓட்டலாமா?

மூடி 1.1:

பத்து டிகிரி, ஒரு பேனர் ஷீட்டுக்கு! அலுமினியத்தில் வெட்டிவிடுங்கள், சன் போர்டு மழைக்குத் தாங்காது.

உடனே ஆஃப் செய்யாதீர்கள். பம்ப் இன்ஜினோடு ஓடுவது, நின்றால் தண்ணீரும் நிற்கும், ஹெட்டின் சூடு அங்கேயே நின்ற தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கடைசி லேப்பை உயர்ந்த கியரில் உருட்டிக்கொண்டு வாருங்கள், பிட்டில் ஃபேன் ஓட இரண்டு நிமிஷம் ஐடில், பிறகு ஆஃப். ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வைக்க 30 ஆம்ப் ரிலேயும் 2.5 சதுர மி.மீ. வயரும் போதும், ஃபியூஸை பேட்டரிக்கு அருகில் வையுங்கள். மூடியை ஒரு மணி நேரமாவது தொடாதீர்கள். ஓட்டும்போது 108 வந்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஒரு லேப் அடங்கி ஓட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை.

30:70 சென்னைக்குத் தாராளம். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், அதற்கும் இந்தக் கலவை தாங்கும். பின்னாளில் ட்ராக்குக்காக முழுத் தண்ணீரும் மோகூல் மாதிரி ஒரு துருத்தடுப்புச் சேர்மானமும் ஊற்றினால் (அது 5 சதவீதம், உங்களுக்கு 225 மி.லி.), ஊட்டிப் பயணத்துக்கு முன் மறக்காமல் மாற்றிவிடுங்கள். அதில் உறைவதைத் தடுக்க ஒன்றும் கிடையாது.